கட்டுரையில் என் பெயர் இல்லை, டேட்டா என் லேப்டாப்பில் இருக்கிறது: என்ன செய்யலாம்?

ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை யாரும் அடையாளம் காணாதபடி ஊர், பல்கலைக்கழகம், நாடு ஆகியவற்றை நீக்கிச் சுருக்கித் தருகிறேன்.

தமிழ்நாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் பொருளாதாரத்தில் பிஎச்.டி. செய்கிறார், இது நான்காம் ஆண்டு. அவருடைய கைடுக்குப் பழக்கமான ஐரோப்பியப் பேராசிரியர் ஒருவர், மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் சேமிப்பு பற்றி எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று அறிய ஒரு சோதனை நடத்த விரும்பினார். "இன்று 200 ரூபாய் வேண்டுமா, ஒரு மாதம் கழித்து 260 ரூபாய் வேண்டுமா" என்று கேட்டு, எதைச் சொல்கிறார்களோ அதை உண்மையாகவே கையில் கொடுக்கும் சோதனை. பைலட்டில், அதாவது முன்னோட்டச் சோதனையில், ஏறக்குறைய எல்லோரும் இன்றைய 200 ரூபாயையே கேட்டார்கள். இவர்களுக்குப் பொறுமை குறைவு என்று வெளிநாட்டுக் குழு எழுதிக்கொண்டது. நம் வாசகி அந்தப் பெண்களோடு திண்ணையில் உட்கார்ந்து பேசினார். "நீங்க அடுத்த மாசம் திரும்பி வருவீங்கன்னு என்னம்மா நிச்சயம்?" என்று ஒருவர் கேட்டதும் அவருக்கு விஷயம் பிடிபட்டது. 'இன்று' என்பதை எடுத்துவிட்டு, 'நாளை' அல்லது 'நாளையிலிருந்து ஒரு மாதம்' என்று மாற்றினார். இரண்டு தொகைகளையும் முன்கூட்டியே ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் செலுத்தி, முத்திரை வைத்த ரசீதைப் பெண்களின் கையில் கொடுக்கச் செய்தார். இறுதிச் சோதனை அப்படித்தான் நடந்தது. தமிழ் வழிமுறைக் குறிப்புகளை எழுதியதும், களப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்ததும், நான்கு மாதம் கிராமம் கிராமமாகப் போனதும் இவரே. 'ஃபீல்டு கோஆர்டினேட்டர்' என்ற பெயரில் ஆறு மாதம் ப்ராஜெக்ட் பணத்திலிருந்து ஊதியம் வந்தது. இரண்டு பக்க ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்தும் போட்டிருக்கிறார்.

இப்போது வரைவு தயாராகிவிட்டது. அதில் வெளிநாட்டுப் பேராசிரியர், அவரிடம் இருக்கும் போஸ்ட்டாக் ஆய்வாளர், வாசகியின் கைடு என்று மூன்று பெயர்கள். வாசகியின் பெயர் அடிக்குறிப்பில், நன்றிப் பட்டியலில். கைடிடம் கேட்டதற்கு, "அங்கே பெயர் வந்ததே பெரிய விஷயம். வேண்டுமானால் கடைசிப் பெயராகச் சேர்க்கச் சொல்லிப் பார்க்கிறேன், சண்டை போடாதே" என்றாராம். இதோடு இன்னொன்றையும் வாசகி கவனித்திருக்கிறார்: முன்பதிவில், அதாவது சோதனை தொடங்கும் முன்பே பதிவு செய்துவைத்த ஆய்வுத் திட்டத்தில், இருந்த கிராமங்களில் இரண்டு, வரைவில் இல்லை. காரணமும் எழுதப்படவில்லை.

அவர் கேட்பவை: சோதனையை மாற்றியமைத்த யோசனை என்னுடையது, அதற்குக் காப்பிரைட் உண்டா? டேட்டாவைத் திரட்டியது நான், அதை வைத்து நானே முந்திக்கொண்டு தனியாக வெளியிடலாமா? கடைசிப் பெயர் என்றால் அவமானம்தானே? பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) கருத்துத் திருட்டு விதியின்கீழ் புகார் கொடுத்தால் என் தீசிஸ் நின்றுவிடுமா?

இனி உங்களோடு பேசுகிறேன், வாசகியே.

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் கடிதத்தில் நீங்கள் அடுக்கியிருக்கும் காரணங்களில் எதற்கு வலு இருக்கிறது, எதற்கு இல்லை என்று பிரித்துக்கொள்ளாமல் இறங்கினால், வலுவில்லாததைப் பிடித்துக்கொண்டு அவர்கள் உங்களை மடக்கிவிடுவார்கள்.

நான்கு மாதம் வெயிலில் அலைந்ததைத்தான் மூன்று இடங்களில் சொல்லியிருக்கிறீர்கள். அது பெரிய உழைப்பு, ஆனால் கட்டுரையாளர் என்ற உரிமையை அது மட்டும் தராது. ஊதியம் பெற்றுத் தகவல் திரட்டியவர் என்று ஒரே வரியில் தள்ளிவிடலாம். உங்களோடு டேப்லெட் பிடித்துக்கொண்டு வந்த பெண்களுக்கும் அதே வாதம் பொருந்தும். உங்கள் வலு வேறு இடத்தில் இருக்கிறது. பைலட் எண்கள் பொறுமையைக் காட்டவில்லை, நம்பிக்கையைக் காட்டுகின்றன என்று கண்டுபிடித்தீர்கள். கண்டுபிடித்ததோடு நிற்காமல் சோதனையையே திருத்தினீர்கள். இந்தத் திருத்தம் இல்லாவிட்டால் அந்தக் கட்டுரை தான் அளப்பதாகச் சொல்லும் ஒன்றை அளந்திருக்காது.

இது சிறிய விஷயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஜேம்ஸ் ஆண்ட்ரியோனியும் சார்ல்ஸ் ஸ்ப்ரெங்கரும் 2012-ல் அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ இதழில் வெளியிட்ட சோதனை, படித்த பல்கலைக்கழக மாணவர்களை வைத்து நடந்தது. அவர்களுக்கே பேராசிரியரின் விசிட்டிங் கார்டைக் கொடுத்து, பணம் வந்து சேராவிட்டால் உடனே அழையுங்கள் என்று சொல்லவேண்டியிருந்தது. இன்று வரும் பணமும் பிறகு வரும் பணமும் ஒரே அளவு நிச்சயம் என்ற நம்பிக்கை உண்டானபோது, 'இன்றே வேண்டும்' என்ற சாய்வு அவர்களுடைய மொத்தக் கணக்கில் தென்படவில்லை. நீங்கள் திண்ணையில் புரிந்துகொண்டதும் இதையேதான். இதில் இன்னொரு பக்கமும் உண்டு: இரண்டு தேதிகளையும் தள்ளிவைக்கும் உத்தி உலகில் முதன்முதலாக உங்களுக்குத் தோன்றியதல்ல. 'என் கண்டுபிடிப்பு' என்று மெயிலில் எழுதினால், போஸ்ட்டாக் பத்துக் கட்டுரைகளை இணைத்துப் பதில் போடுவார். 'இந்தச் சோதனைக்கு இது தேவை என்று கண்டறிந்து, கூட்டமைப்பின் ரசீது வழியாக இங்கே செயல்படுத்தியது நான்' என்று எழுதுங்கள். அதை யாரும் மறுக்க முடியாது.

மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு, கட்டுரையாளர் யார் என்பதற்கு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது: ஆய்வின் வடிவமைப்பிலோ தரவிலோ கணிசமான பங்கு, வரைவு எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுக் கட்டுரைக்கும் பொறுப்பேற்பது. பொருளாதார இதழ்கள் இதற்குக் கட்டுப்பட்டவை அல்ல என்றாலும், சர்ச்சை வரும்போது பலரும் எடுத்துப் பார்ப்பது இதைத்தான். 'நீ எழுதவே இல்லையே' என்று உங்களிடம் சொன்னார்கள் அல்லவா? முதல் நிபந்தனையை நிறைவேற்றியவருக்கு எழுதவும் திருத்தவும் வாய்ப்புக் கொடுக்கவேண்டும், வாய்ப்பை மறுத்துவிட்டு அதையே காரணம் காட்டக் கூடாது என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது.

யோசனைக்குக் காப்பிரைட் உண்டா?

கிடையாது. நம் காப்பிரைட் சட்டம், 1957, யோசனையைக் காப்பதில்லை. எழுத்தாக, வடிவமாக வெளிப்பட்டதை மட்டுமே காக்கிறது. ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978-ல் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே 'என் டிசைனைத் திருடிவிட்டார்கள்' என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் நிற்காது.

ஆனால் நீங்கள் எழுதிய தமிழ் வழிமுறைக் குறிப்பு, வினாப்பட்டியல், டேப்லெட்டில் ஓடும் புரோகிராமில் நீங்கள் எழுதிய பகுதி, இவை எல்லாம் அந்தச் சட்டத்தின்படி இலக்கியப் படைப்புகள். கணினி நிரலையும் சட்டம் அந்தப் பிரிவில்தான் சேர்த்திருக்கிறது. இவற்றின் ஆசிரியர் நீங்கள். உரிமையாளரும் நீங்கள்தானா என்பதுதான் கேள்வி, விடை அந்த இரண்டு பக்க ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஊழியர் என்ற முறையில் பணி ஒப்பந்தத்தின்கீழ் எழுதியிருந்தால், 17-வது பிரிவின்படி முதல் உரிமையாளர் வேலை கொடுத்தவர். ஆலோசகராகவோ தனிப்பட்ட ஒப்பந்தக்காரராகவோ எழுதியிருந்தால், எழுத்துமூலம் மாற்றிக் கொடுக்காதவரை உரிமை உங்களிடமே இருக்கும். மாற்றிக் கொடுத்திருந்தாலும், எவ்வளவு காலத்துக்கு, எந்த நாடுகளுக்கு என்று குறிப்பிடாவிட்டால், ஐந்து ஆண்டுகளுக்கு, இந்தியாவுக்குள் மட்டும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். பலரும் கவனிக்காத இடம் இது. இவை எல்லாவற்றையும் கொடுத்துவிட்டாலும் 57-வது பிரிவின்படி 'இதை எழுதியது நான்' என்று சொல்லிக்கொள்ளும் உரிமை உங்களை விட்டுப் போகாது.

இதனால் என்ன பயன் என்று கேட்பீர்கள். கட்டுரையாளர் பட்டியலில் பெயரைச் சேர்க்கச் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தாது. ஆனால் பிற்சேர்க்கையில் உங்கள் தமிழ்க் குறிப்பை அப்படியே அச்சிடப் போகிறார்கள்; அங்கே உங்கள் பெயர் இல்லாமல் அச்சிட முடியாது. பேச்சுவார்த்தையில் இது உங்களுக்குக் கிடைக்கும் உறுதியான பிடி. அதை மிரட்டலாகப் பயன்படுத்தவேண்டாம். உங்களிடம் அது இருக்கிறது என்று நீங்கள் தெரிந்துவைத்திருந்தால் போதும்.

டேட்டாவைப் பற்றி

இதில்தான் நீங்கள் மிகவும் தவறாக எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் லேப்டாப்பில் இருப்பதால் டேட்டா உங்களுடையது ஆகிவிடாது. பேராசிரியருடையதும் அல்ல. ஒரு பெண் 200-ஐத் தேர்ந்தெடுத்தாரா 260-ஐத் தேர்ந்தெடுத்தாரா என்பது ஒரு செய்தி. செய்திக்குக் காப்பிரைட் இல்லை. அதை யார், எதற்குப் பயன்படுத்தலாம் என்பதை மூன்று தாள்கள் முடிவு செய்கின்றன: நிதி கொடுத்தவரோடு போட்ட ஒப்பந்தம், நெறிமுறைக் குழு கொடுத்த அனுமதி, அந்தப் பெண்கள் கையெழுத்தோ கைநாட்டோ வைத்த சம்மதப் படிவம். அந்தப் படிவத்தை அவர்களுக்கு வாசித்துக் காட்டியதே நீங்கள்தான். 'உங்கள் பெயர், போன் நம்பர் யாருக்கும் போகாது, இந்த ஆய்வுக்கு மட்டும்தான்' என்று சொல்லியிருப்பீர்கள். அந்த வாக்குக்கு நீங்கள் கட்டுப்பட்டவர்.

பெயர், கைப்பேசி எண், வங்கிக் கணக்கு இருக்கும் கோப்பு இன்னும் உங்கள் லேப்டாப்பில் இருக்கிறது என்றும், ஒரு பென் டிரைவில் நகல் எடுத்துத் தோழியிடம் கொடுத்துவைத்திருக்கிறீர்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த பென் டிரைவை இன்றைக்கே திரும்ப வாங்குங்கள். 2023-ல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆராய்ச்சிக்கும் புள்ளிவிவரப் பணிக்கும் விலக்கு அளிக்கிறது, ஆனால் நிபந்தனையோடு: அந்தத் தரவை வைத்து எந்தத் தனி ஆளைப் பற்றியும் முடிவெடுக்கக் கூடாது, வகுக்கப்பட்ட தரங்களின்படியே கையாளவேண்டும். தோழியின் மேசை இழுப்பறை அந்தத் தரத்தில் வராது. நாளைக்கு உங்கள்மேல் யாராவது புகார் கொடுக்க நினைத்தால் முதலில் கையில் எடுப்பது இதைத்தான்.

முந்திக்கொண்டு தனியாக வெளியிடுவது பற்றிக் கேட்டீர்கள். வேண்டவே வேண்டாம். வெளிநாட்டுப் பேராசிரியர் ஒரு கடிதம் போட்டால் எந்த இதழும் உங்கள் கட்டுரையை நிறுத்திவைத்துவிடும், அதன்பிறகு விசாரணைக்கு உள்ளாகிறவர் நீங்கள். டேட்டாவைத் தரமாட்டேன் என்று பிடித்துவைப்பதும் இதே கதிதான். இன்று நீதி உங்கள் பக்கம் இருக்கிறது. அதை உங்கள் கையாலேயே கெடுத்துக்கொள்ளவேண்டாம்.

அந்த இரண்டு கிராமங்கள்

கடிதத்தின் கடைசியில், 'இதுவும் இருக்கிறது' என்பதுபோல் இதைச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு இதுதான் முதல் பிரச்சினை. உங்கள் பெயர் விவகாரத்தையும்விட இது பெரியது. காரணம் சொல்கிறேன்.

நடத்தைப் பொருளாதாரத்தில் 2012-ல் ஐந்து பேர் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். படிவத்தின் அடியில் கையெழுத்து வாங்குவதற்குப் பதிலாக மேலே வாங்கினால் மக்கள் பொய் குறைவாகச் சொல்வார்கள் என்பது அதன் முடிவு. ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் 13,488 வாடிக்கையாளர்கள் எழுதிக்கொடுத்த கார் மைல் கணக்கு அதற்கு ஆதாரம். அரசுகளும் நிறுவனங்களும் அதை மேற்கோள் காட்டின. 2021-ல் டேட்டா கொலாடா என்ற ஆய்வாளர் குழு அந்த எக்செல் கோப்பைத் திறந்து பார்த்தது. ஓராண்டில் ஓடிய தூரம் பூஜ்யத்திலிருந்து 50,000 மைல் வரை எல்லா அளவிலும் ஒரே சீராகப் பரவியிருந்தது, அதற்கு மேல் ஒருவர்கூட இல்லை. உண்மையான மனிதர்கள் அப்படிக் கார் ஓட்டுவதில்லை. பாதி வரிசைகள் கேலிப்ரி எழுத்துருவிலும் பாதி கேம்ப்ரியா எழுத்துருவிலும் இருந்தன. முதல் பாதியின் எண்களோடு சிறு எண்களைக் கூட்டி இரண்டாம் பாதி உண்டாக்கப்பட்டிருந்ததற்கான தடயம் தெரிந்தது. கட்டுரை அந்த ஆண்டே திரும்பப் பெறப்பட்டது. அந்தத் தரவு ஐவரில் ஒருவர் வழியாக வந்தது. தான் மாற்றவில்லை என்று அவர் மறுத்திருக்கிறார். மற்ற நால்வரும் தாங்கள் அந்தத் தரவைத் திரட்டவில்லை என்றார்கள். ஆனால் தலைப்பின் கீழே ஐந்து பெயர்களும் இன்றும் இருக்கின்றன. 2023-ல் அதே கட்டுரையின் இன்னொரு சோதனையைப் பற்றியும், வேறொரு கட்டுரையாளர்மேல், குற்றச்சாட்டு எழுந்தது. அவரோடு எழுதிய பலர் அதன்பிறகுதான் ஒன்றுகூடி, எந்தக் கட்டுரையில் யார் தரவைத் திரட்டினார்கள், அசல் கோப்பு யாரிடம் இருக்கிறது என்று பொதுவில் பட்டியல் போட்டார்கள்.

உங்கள் பேராசிரியர் அப்படிச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. இரண்டு கிராமங்களை விடுவதற்கு நேர்மையான காரணங்கள் இருக்கலாம்: டேப்லெட் பழுதாகியிருக்கலாம், இரண்டாம் சுற்றுக்குப் பலர் வராமல் போயிருக்கலாம், கூட்டமைப்பில் பணம் தாமதமாகியிருக்கலாம். அப்படி இருந்தால் கட்டுரையில் எழுதவேண்டும், அவ்வளவுதான். அமெரிக்கப் பொருளாதாரச் சங்கம் 2013 முதல் நடத்திவரும் சோதனைப் பதிவேட்டில் திட்டத்தை மாற்ற வழி உண்டு. எந்தத் தேதியில் மாற்றினீர்கள் என்பது அங்கேயே நிற்கும். சொல்லாமல் விட்டால் அது வேறு விஷயம். அந்தக் கிராமங்களில் உண்மையில் என்ன நடந்தது என்று களத்தில் இருந்த உங்களுக்குத்தான் மற்ற மூவரையும்விட நன்றாகத் தெரியும்.

பெயர் கேட்பது என்றால் பொறுப்பையும் சேர்த்துக் கேட்பது. ஆகவே முதலில் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். விட்டதற்குக் காரணம் என்ன, சேர்த்தால் முடிவு மாறுகிறதா, தரவைச் சுத்தம் செய்த புரோகிராம் எங்கே, அசல் கோப்பு எங்கே? பதில் திருப்தியாக இல்லையென்றால், அவர்களே முன்வந்து முதல் பெயராகப் போடுகிறோம் என்றாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

கடைசிப் பெயர் அவமானமா?

பொருளாதாரத்தில் இல்லை. மருத்துவத்திலும் உயிரியலிலும் முதல் பெயருக்கும் கடைசிப் பெயருக்கும் தனி மதிப்பு. பொருளாதாரத்தில் ஆங்கில அகரவரிசைப்படி போடுவதே நெடுங்கால வழக்கம். உங்கள் பெயர் 'வி'யில் தொடங்குகிறது, அதனால் ஏறக்குறைய எந்தக் குழுவில் சேர்ந்தாலும் கடைசியில்தான் வரும். அவர்கள் உங்களைக் குறைத்துவிட்டதாக இதைப் படிக்கவேண்டாம். டானியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் முதல் கட்டுரைக்கு நாணயம் சுண்டிப் பார்த்துப் பெயர் வரிசையை முடிவு செய்து, பிறகு மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். டெப்ராஜ் ரேயும் ஆர்தர் ராப்சனும் 2018-ல், குலுக்கல் முறையில் வரிசையைத் தீர்மானித்து, அப்படித் தீர்மானித்ததாக ஒரு குறியையும் இடலாம் என்று எழுதினார்கள். அமெரிக்கப் பொருளாதாரச் சங்கமே அதற்கு வசதி செய்து கொடுத்திருக்கிறது.

ஆனால் நம் ஊரில் உங்களுக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு, அதை உங்கள் கைடு சொல்லியிருக்கவேண்டும். ஆசிரியர் நியமனத்துக்கான யுஜிசியின் 2018 விதிமுறைகளில், இரண்டு பேருக்கு மேல் எழுதிய கட்டுரை என்றால் முதல் பெயருக்கு அல்லது தொடர்புக் கட்டுரையாளருக்கு (கட்டுரை தொடர்பாக இதழோடு கடிதத் தொடர்பு வைத்துக்கொள்பவர்) 70 சதவீத மதிப்பெண், மற்றவர்களுக்கு ஆளுக்கு 30 சதவீதம். அகரவரிசை என்பது அந்தக் கணக்குக்குத் தெரியாது. ஆகவே வரிசைக்காக மல்லுக்கட்டாமல், தொடர்புக் கட்டுரையாளராக உங்களையும் குறிப்பிட முடியுமா என்று கேளுங்கள். குறைந்தது, 'பெயர்கள் அகரவரிசையில் உள்ளன, அனைவர் பங்கும் சமம்' என்ற அடிக்குறிப்பைக் கேளுங்கள். அதை மறுக்க அவர்களுக்குக் காரணமே இல்லை.

ஒரு சிறு குறிப்பு: இனிஷியல் வைக்கும் நம் வழக்கத்தில் எது குடும்பப் பெயர் என்று இதழ்களுக்குத் தெரிவதில்லை. ஒரு கட்டுரையில் அப்பா பெயரும் இன்னொன்றில் உங்கள் பெயரும் கடைசியில் நின்றால், தேடுகிறவர்களுக்கு நீங்கள் இரண்டு ஆள். ஒரு வடிவத்தை இப்போதே முடிவு செய்து, ஆய்வாளர்களுக்கான அடையாள எண்ணான ஆர்கிட் (ORCID) எண் எடுத்துவிடுங்கள்.

கைடும் தீசிஸும்

நெறிமுறைக் குழுவில் கையெழுத்து வாங்கிக் கொடுத்ததைத் தவிர கைடு எதுவுமே செய்யவில்லை என்கிறீர்கள். இருக்கலாம். அந்த வெளிநாட்டுத் தொடர்பையும், மாவட்ட நிர்வாகத்தில் அனுமதியையும் அவர் கொண்டுவந்திருக்கலாம். அதெல்லாம் நன்றிக்கு உரியது, கட்டுரையாளர் பெயருக்குப் போதுமா என்பது சந்தேகமே. என் யோசனை: அவர் பெயரை நீக்கவேண்டும் என்ற கோரிக்கையை இப்போது எழுப்பவேண்டாம். உங்கள் பெயரைச் சேர்ப்பது ஒரு வழக்கு, அவர் பெயரை நீக்குவது இன்னொரு வழக்கு. இரண்டையும் ஒரே மெயிலில் வைத்தால் இரண்டிலும் தோற்பீர்கள்.

யுஜிசியின் 2018 கல்வி நேர்மை விதிமுறைகள், பிறர் படைப்பை மட்டுமல்லாமல் பிறர் யோசனையைத் தனதாகக் காட்டுவதையும் திருட்டு என்றே வரையறுக்கின்றன. காப்பிரைட் சட்டத்தைவிட இது விரிந்தது, இந்த அளவில் நீங்கள் நினைத்தது சரி. ஆனால் அதில் தண்டனைகள் எல்லாம் எழுத்து எத்தனை சதவீதம் ஒத்திருக்கிறது என்ற அளவில் கட்டப்பட்டவை. 10, 40, 60 என்று படிகள். பெயரை விட்டுவிட்டார்கள் என்ற புகார் அந்தச் சட்டகத்தில் எளிதில் உட்காராது. வெளிநாட்டுப் பேராசிரியரை அது தொடவும் தொடாது. புகார் போய் விழுவது உங்கள் கைடின்மேல் மட்டும். அதையும் பரிசீலிக்கப்போவது முதலில் உங்கள் துறையின் குழுதான். வேறு வழி இல்லாதபோது செய்யவேண்டியது இது.

தீசிஸ் நின்றுவிடும் என்ற பயத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். 2022-ன் பிஎச்.டி. விதிமுறைகளில், தீசிஸ் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டிருக்கவேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசி எடுத்துவிட்டது. சில பல்கலைக்கழகங்கள் தாங்களாகவே அதை வைத்திருக்கின்றன. உங்கள் பல்கலைக்கழக விதியைப் பாருங்கள். உங்களுக்கு அதைவிட அவசரமானது, இந்தத் தரவை தீசிஸில் ஒரு அத்தியாயமாகப் பயன்படுத்த எழுத்துமூல அனுமதி. இன்றுவரை அது வாய்மொழியாகத்தான் இருக்கிறது. பெயர்ச் சண்டை முற்றிய பிறகு கேட்டால் கிடைக்காது. இதே மெயிலில், முதல் கோரிக்கையாகக் கேளுங்கள்.

மெயில் எப்படி எழுதுவது?

எழுதுவதற்கு முன் ஆவணங்களை ஒழுங்கு செய்யுங்கள். பைலட் முடிந்ததும் நீங்கள் அனுப்பிய மெயில், கூகுள் டாக்கின் பதிப்பு வரலாறு, ரசீது யோசனையைப் பற்றிய வாட்ஸ்அப் உரையாடல், ஸூம் கூட்டக் குறிப்பு. ஸ்க்ரீன்ஷாட் மட்டும் போதாது, அசலை அழிக்காதீர்கள். வழக்கு என்று வந்தால் மின்னணு ஆவணத்துக்கு பாரதிய சாக்ஷிய சட்டத்தின் 63-வது பிரிவின்படி சான்றிதழ் தேவைப்படும். அசல் சாதனம் உங்களிடம் இருந்தால் அது எளிது.

பிறகு மூவருக்கும் ஒரே மெயில், கைடை விட்டுவிடாமல். ஒருவருக்குத் தனியாக எழுதி மற்றவரிடம் மறைத்தால் சந்தேகம் வளரும். பொருள் இப்படி இருக்கட்டும்:

"வரைவைப் படித்தேன். மூன்று விஷயங்கள் பேச விரும்புகிறேன். ஒன்று, இந்தத் தரவை என் ஆய்வேட்டில் பயன்படுத்த ஒப்புதலை எழுத்தில் தரவேண்டுகிறேன். இரண்டு, முன்பதிவில் இருந்த இரண்டு கிராமங்கள் பகுப்பாய்வில் இல்லை. விலக்கியதன் காரணத்தையும், சேர்த்துப் பார்த்தால் வரும் முடிவையும் பார்க்க விரும்புகிறேன். அங்கே களத்தில் நடந்தவற்றை என்னால் விளக்க முடியும். மூன்று, பைலட்டுக்குப் பிறகு சோதனை வடிவத்தை மாற்றியதில் என் பங்கை இணைப்பில் தேதிகளோடு தொகுத்திருக்கிறேன். அதன் அடிப்படையில் கட்டுரையாளராகச் சேரவும், வரைவைத் திருத்துவதில் பங்கெடுக்கவும், முடிவுகளுக்குப் பொறுப்பேற்கவும் விரும்புகிறேன். இந்த வாரம் ஒரு கூட்டம் வைக்கலாமா?"

திருட்டு, வஞ்சனை, சுரண்டல் என்ற சொற்கள் வேண்டாம். இணைப்பில், ஒவ்வொருவரும் என்ன செய்தார்கள் என்பதைப் பங்களிப்பு வகைப்பாட்டின் 14 தலைப்புகளின்படி ஒரு அட்டவணையாகப் போடுங்கள். கிரெடிட் (CRediT) என்று தேடினால் கிடைக்கும், பல இதழ்கள் இப்போது அதைக் கேட்கின்றன. உங்களுக்கு உரிய கட்டங்களை மட்டும் நிரப்பி, மற்றவர்களுடையதை அவர்களே நிரப்பும்படி காலியாக விடுங்கள். கைடுக்கு உரிய கட்டங்களும் அங்கே இருக்கும்.

பலமுறை இந்தக் கட்டத்திலேயே விஷயம் முடிந்துவிடும். வெளிநாட்டுப் பேராசிரியருக்கு உங்கள் திண்ணைப் பேச்சு தெரியாமலேயே இருக்கலாம். அந்தத் திருத்தத்தைக் கைடு தன் யோசனையாக அவரிடம் சொல்லியிருக்கவும் வாய்ப்புண்டு. நீங்கள் அவரோடு ஒருமுறைகூடத் தனியாகப் பேசியதில்லை என்று எழுதியிருக்கிறீர்களே.

இரண்டு வாரத்தில் பதில் இல்லை, அல்லது கிராமங்களைப் பற்றி மழுப்பலான பதில் வந்தது என்றால், அடுத்த வாசல் அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நேர்மை அலுவலகம், அல்லது அனுமதி கொடுத்த நெறிமுறைக் குழு. கட்டுரை ஏற்கெனவே இதழுக்குப் போயிருந்தால் எடிட்டருக்கு எழுதலாம். ஆனால் பதிப்பு நெறிமுறைக் குழுவின் (COPE) வழிகாட்டுதல்படி, யார் கட்டுரையாளர் என்று இதழ் தீர்ப்புச் சொல்லாது. நிறுவனத்தைக் கேட்டுவிட்டுக் காத்திருக்கும். உங்கள் பல்கலைக்கழகம் புகாரை வாங்கிவைத்துக்கொண்டு ஒன்றுமே செய்யாவிட்டால்தான் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு பற்றி யோசிக்கவேண்டும். அது காலமும் பணமும் தின்னும் வழி. வைவா (வாய்மொழித் தேர்வு) முடியாத நிலையில் அதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்த கட்டுரை 2013-ல் சயன்ஸ் இதழில் வந்து உலகம் முழுக்கப் பேசப்பட்டது. சென்னையின் குறைந்த வருமானக்காரர்களின் தூக்கத்தைப் பற்றிய ஆய்வு 2021-ல் வந்தது. நம் மக்களை வைத்து இன்னும் பல சோதனைகள் நடக்கும், அவற்றைச் சரியாக வடிவமைக்க இந்த ஊர் தெரிந்தவர்கள் வேண்டும். அடுத்த கூட்டாய்வில் சேரும்போது பைலட்டுக்கு முன்பே ஒரு பக்கம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: யார் கட்டுரையாளர், வடிவம் மாறினால் அது எப்படி மாறும், அசல் தரவு யாரிடம், யார் எதற்குப் பயன்படுத்தலாம்.

இந்த வாரம் உங்களுக்கு நான்கு வேலைகள். பென் டிரைவைத் திரும்ப வாங்குங்கள். சம்மதப் படிவத்தையும் நெறிமுறை அனுமதிக் கடிதத்தையும் எடுத்து வையுங்கள். மெயிலை எழுதி, அனுப்பாமல் ஒரு இரவு வைத்திருந்து மறுநாள் படித்துப் பாருங்கள். அந்த இரண்டு பக்க ஒப்பந்தத்தின் நகலை எனக்கு அனுப்புங்கள். உரிமை மாற்றம் பற்றிய பிரிவு இருக்கிறதா, உங்களை ஊழியர் என்கிறதா ஆலோசகர் என்கிறதா என்று பார்த்த பிறகுதான், தமிழ்க் குறிப்பு விஷயத்தில் எவ்வளவு அழுத்தமாகப் பேசலாம் என்று சொல்ல முடியும்.